படகுக்கு உண்டு விசாரணை, கணக்குக்கு இல்லை

ராமேசுவரத்தில் விசைப்படகு கடலுக்குப் போவதென்றால் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடை செய்த வலையைப் பயன்படுத்தினால், விதியை மீறினால், படகின் உரிமத்தில் கைவைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு முறை வகுத்திருக்கிறது. உரிமத்தை ரத்து செய்யும் முன் படகுக்காரர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். முடிவு சரியில்லை என்றால் அவர் மேல்முறையீடு செய்யலாம். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுகிறவரைக்கூட ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். வக்கீல் வருகிறார், வாய்தா போடுகிறார்கள், தீர்ப்பு எழுத்தில் வருகிறது. தீர்ப்பு கசக்கலாம். என்ன குற்றச்சாட்டு என்பதாவது தெரியும்.

அதே படகு கொண்டுவரும் மீனை விற்கிற வாட்ஸ்அப் எண்ணுக்கோ, அந்தக் கடலைப் படம் பிடித்துப் போடுகிற யூடியூப் சேனலுக்கோ இந்த முறை எதுவும் கிடையாது. ஒரு காலையில் திரையில் இரண்டு வரி வரும், கணக்கு மூடப்பட்டிருக்கும். எந்தப் பதிவு, எந்த விதி, யார் பார்த்து முடிவு செய்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. ‘ஐடியைத் தூக்கிட்டாங்க’ என்று சொல்லிவிட்டுப் புதிய எண்ணில் தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. இது பொழுதுபோக்குக்காரர்களின் மனக்குறை மட்டும்தானா, உரிமை சார்ந்த கேள்வியா என்பதை இந்தக் கடற்கரையில் நின்று பார்ப்பது பொருத்தமாக இருக்கும். இங்கே பிழைப்பு போனுக்குள் வெகுதூரம் நுழைந்துவிட்டது.

பிழைப்பு ஏறிய திரை

மூக்கையூரிலிருந்து இயங்கும் ‘உங்கள் மீனவன்’ என்ற யூடியூப் சேனல், ஒரு மீனவரின் அன்றாடத்தைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களிடம் கொண்டுபோனது. வலை இழுப்பது, நண்டு கழற்றுவது, கரையில் ஏலம் விடுவது என்று உள்ளூரில் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சிகளுக்கு வெளியூரில் பார்வையாளர்கள் இருந்தார்கள். அதைப் பார்த்துத் தென்கடற்கரை முழுக்க இளைஞர்கள் போனைத் தூக்கினார்கள். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலி, மீனவர்களுக்கென்றே தொடங்கிய முதல் வானொலி என்று பெயர் பெற்றது. காற்று, அலை, மீன் கிடைக்கும் இடம் பற்றி ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் தகவலும் செல்போன் வழியாகக் கரைக்கு வருகிறது.

இவற்றில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடல் ஓசை போன்ற சமுதாய வானொலிக்கு அனுமதி தருவது ஒன்றிய அரசு. விதி மீறினால் தண்டிக்கவும் அதற்கு வழி உண்டு. ஆனால் தண்டிக்கும் முன் அனுமதி பெற்றவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. சில கிலோமீட்டர் மட்டுமே எட்டும் அலைவரிசைக்கு இந்தப் பாதுகாப்பு. பல லட்சம் பேரை எட்டும் சேனலுக்கு யூடியூபின் மூன்று ஸ்ட்ரைக் விதி. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனல் போய்விடும், வீடியோக்கள் போய்விடும், அதே ஆள் வேறு சேனல் தொடங்குவதும் விதிமீறல். மிகக் கடுமையானது என்று கருதினால் ஸ்ட்ரைக் எண்ணாமல் ஒரே அடியாகவும் மூடலாம்.

மூடுகிற முதல் கை: இயந்திரம்

பாம்பனிலோ ஏர்வாடியிலோ கருவாடு விற்கும் ஒருவரின் போனை எடுத்துக்கொள்ளலாம். நெத்திலி காய்ந்து வந்திருக்கிறது, சீலா வந்திருக்கிறது, கூரியரில் அனுப்பப்படும் என்று மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் தகவல் போக வேண்டும். வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்குமேல் சேர்க்க முடியாது. அதிலும் அவர் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் தகவல் போய்ச் சேரும். வாடிக்கையாளர் ஆயிரத்தைத் தாண்டினால் என்ன செய்வது? யாரோ ஒரு பையன் ‘ஜிபி வாட்ஸ்அப்’ என்ற அதிகாரப்பூர்வமல்லாத செயலியை ஏற்றிக் கொடுப்பான். அல்லது ஒரே அழுத்தில் எல்லோருக்கும் அனுப்பும் மென்பொருளைக் காட்டுவான். இரண்டுமே வாட்ஸ்அப் விதிப்படி தடை. மோசடிக்காரர்கள் செய்வதும் இதே வேலைதான் என்பதால், இயந்திரத்தின் கண்ணுக்குக் கருவாட்டுக்காரரும் லாட்டரி மோசடிக்காரரும் ஒரே சாயலில் தெரிவார்கள்.

தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021 வந்த பிறகு வாட்ஸ்அப் வெளியிட்ட முதல் இந்திய அறிக்கை, இதன் அளவைக் காட்டியது. 2021 மே 15 முதல் ஜூன் 15 வரை ஒரே மாதத்தில் மூடப்பட்ட இந்தியக் கணக்குகள் 20 லட்சத்துக்கும் அதிகம். அவற்றில் 95 விழுக்காட்டுக்கும் மேல், அளவுக்கு மிஞ்சித் தானியங்கி முறையில் தகவல் அனுப்பியதாகச் சொல்லி மூடப்பட்டவை. அதே காலத்தில் நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு வந்த தடை மேல்முறையீடுகள் 204. நடவடிக்கை எடுக்கப்பட்டவை 63. செயலிக்குள்ளேயே மறுபரிசீலனை கேட்டவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என்றாலும் 20 லட்சம், 204 என்ற இரு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியது. அதில் உண்மையான மோசடிக்காரர்கள் இருப்பார்கள், அவர்கள் முறையிட வரமாட்டார்கள். அப்படியோர் அலுவலர் இருப்பதே தெரியாதவர்களும் இருப்பார்கள்.

செயலிக்குள் நடப்பது இதுதான். ‘இந்தக் கணக்கால் இனி வாட்ஸ்அப் பயன்படுத்த முடியாது’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு. கீழே மறுபரிசீலனை கேட்க ஒரு பொத்தான். அழுத்தினால் எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்க எண் வரும். அதை இட்டு, விளக்கம் எழுதி அனுப்பலாம். பிறகு பதில், அதுவும் முன்பு சொன்னதையே வேறு சொற்களில் சொல்லும்: கணக்கின் செயல்பாடு சேவை விதிகளுக்கு முரணானது. எந்தச் செயல்பாடு என்று இருக்காது. கடைப் பலகையில், ஐஸ் பெட்டியில், பார்சல் அட்டையில் அச்சடித்த எண் அப்படியே இருக்கும். அழைத்தால் மணி அடிக்கும், வாட்ஸ்அப்பில் ஆள் இருக்கமாட்டார்.

இரண்டாவது கை: நிறுவனத்தின் பட்டியல்

தமிழர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. விடுதலைப் புலிகள் இயக்கத்தை இந்தியா 1992இல் தடை செய்தது. அமெரிக்கா 1997இல் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. ஃபேஸ்புக்கின் ‘ஆபத்தான நபர்கள், அமைப்புகள்’ கொள்கைக்கான உள்பட்டியலை 2021 அக்டோபரில் ‘தி இன்டர்செப்ட்’ இதழ் வெளியிட்டபோது, அதில் அந்த இயக்கமும் இருந்தது. அந்தப் பட்டியலை நிறுவனம் தானாக வெளியிட்டதில்லை. என்னென்ன பெயர்கள், எந்தெந்தப் படங்கள் என்று தெரியாமலேயே பயனாளர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் புலிகள் தலைவர் பிரபாகரன் படம் சுவரொட்டியில் வரும், மேடையில் வரும். மண்டபம் முகாமில் இலங்கைத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இந்தக் கடற்கரையில், போரில் மாண்டவர்களை நினைவுகூர்வது பல வீடுகளில் குடும்ப விஷயம். ஆனால் மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டி இடும் பதிவு அஞ்சலியா, செய்தியா, பரப்புரையா என்று பிரித்துப் பார்ப்பது கலிஃபோர்னியாவில் எழுதிய விதிக்கு எளிதல்ல. லண்டனிலிருந்து வரும் ‘தமிழ் கார்டியன்’ ஓர் ஊடக நிறுவனம். மாவீரர் நாள் நிகழ்வுகளைச் செய்தியாக இட்டதற்கே அதன் இன்ஸ்டாகிராம் பதிவுகள் நீக்கப்பட்டன. ஒரு கட்டத்தில் கணக்கே முடங்கிப் பிறகு திரும்பியது. அவர்களிடம் குரல் எழுப்ப இதழ் இருந்தது. பின்தொடர்வோர் இருநூறு பேர் உள்ள ஒருவருக்கு அது இல்லை.

இதே போன்ற ஒரு குளறுபடியை, மெட்டா அமைத்த மேற்பார்வை வாரியமே 2021இல் குர்தியத் தலைவர் அப்துல்லா ஓஜலான் தொடர்பான வழக்கில் வெளிக்கொணர்ந்தது. அவரது சிறைத் தனிமையைப் பற்றி விவாதிப்பதை அனுமதிக்கும் உள்வழிகாட்டுதல் ஏற்கெனவே இருந்திருக்கிறது. மூன்றாண்டுகளாக அது தொலைந்து போயிருந்ததாம். விதி எழுதியவர்களே விதியைத் தொலைத்தாலும் தண்டனை மட்டும் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது கை: அரசு

2023 மே 31 அன்று நாம் தமிழர் கட்சி ஒருங்கிணைப்பாளர் சீமான், மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி உள்ளிட்டோரின் ட்விட்டர் கணக்குகள் இந்தியாவில் தெரியாமல் போயின. சட்டப்படியான கோரிக்கையின் பேரில் நிறுத்தப்பட்டது என்ற ஒற்றை வரிதான் பக்கத்தில் இருந்தது. கோரியது யார்? சென்னைக் காவல்துறை தாங்கள் பரிந்துரைக்கவில்லை என்றது. அரசியல் எதிரியான முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கண்டித்தார். ஒரு கட்சித் தலைவரின் கணக்கு மூடப்படுகிறது, மூடச் சொன்னவர் யார் என்பதே பல நாள் விவாதமாகிறது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இணையத்தில் உள்ளதை முடக்க அதிகாரம் தருகிறது. 2009ஆம் ஆண்டின் முடக்கல் விதிகளில் 8ஆம் விதி, பதிவிட்டவருக்கோ தளத்துக்கோ அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. 9ஆம் விதி, அவசரம் என்றால் முதலில் முடக்கலாம் என்கிறது. 16ஆம் விதி எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அதே சட்டத்தின் 66ஏ பிரிவைச் செல்லாது என்றது. 69ஏ பிரிவை, இந்தப் பாதுகாப்பு நடைமுறைகள் இருப்பதைச் சொல்லியே நிலைநிறுத்தியது. நடைமுறையில் 8ஆம் விதி தளத்தோடு நின்றுவிடுகிறது, பதிவிட்டவரை எட்டுவதில்லை என்பதுதான் தொடரும் புகார்.

சமூக ஊடகக் கணக்கு அல்ல என்றாலும் விகடன் வழக்கை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். பிரதமர் மோடியைக் கைவிலங்கோடு காட்டிய ஒரு கேலிச்சித்திரம் ‘விகடன் பிளஸ்’ இணைய இதழில் வந்தது. 2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. முறையான உத்தரவு வந்தது அதற்குப் பிறகுதான். மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்றது. ஒரு பக்கத்துக்காக முழுத் தளத்தையும் மூடுவது எந்த அளவில் நியாயம் என்ற கேள்வி அங்கே வழக்காக நின்றது. 1926இல் தொடங்கிய ஒரு நிறுவனத்துக்கு மூன்று வாரத்தில் நீதிமன்றக் கதவு திறந்தது. தனி மனிதருக்கு அந்தச் செலவே எட்டாது.

மூடாமல் இருக்க முடியுமா?

முடியாது. இதை ராமநாதபுரம் மாவட்டத்தைவிட நன்றாக அறிந்த இடம் குறைவு. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. இரண்டையும் ஒட்டி ஆண்டுதோறும் தடை உத்தரவு போடுகிறார்கள். சாதி மோதலைத் தூண்டும் பதிவுகளைக் காவல்துறை கண்காணிக்கிறது. அரை நிமிட வீடியோ ஒரு ஊரைக் கொளுத்திப் போடும். ‘டிஜிட்டல் கைது’ மோசடிக்குப் பயன்பட்டதாக 83,000க்கும் மேற்பட்ட வாட்ஸ்அப் கணக்குகளை முடக்கியதாக 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இவற்றையெல்லாம் விசாரணை முடியும்வரை திறந்து வைத்திருங்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே கேள்வி மூடியதற்குப் பிந்தைய கட்டத்தில் இருக்கிறது. அவசரத்தில் மூடுங்கள். பிறகு காரணம் சொல்லுங்கள், ஒரு மனிதர் பார்க்கட்டும், தவறென்றால் திறங்கள். இந்த மூன்றும்தான் இப்போது நிச்சயமில்லாமல் கிடக்கின்றன.

மெட்டாவின் தளங்களில் முடக்கப்பட்டவருக்கு 180 நாள் அவகாசம். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வீடியோ செல்ஃபி அனுப்பச் சொல்வார்கள். அனுப்பிய பத்து நிமிடத்தில் ‘பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை’ என்று பதில் வந்தால், பார்த்தது மனிதரா இயந்திரமா என்ற சந்தேகம் இயல்பாகவே எழும். 2025இல் பல நாடுகளில் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் கணக்குகள் கூட்டமாக மூடப்பட்டபோது இதுதான் பெரும் குமுறலாக வெடித்தது. சிறுவர் பாலியல் சுரண்டல் விதியை மீறியதாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றி பிபிசி எழுதியது. அது கேட்ட பிறகு சில கணக்குகள் திரும்பின. ஃபேஸ்புக் குழுக்கள் முடங்கியதில் தொழில்நுட்பப் பிழை இருந்ததை மெட்டா ஒப்புக்கொண்டது. இடையில் காசு கொடுத்தால் ஆள் பேசுவார் என்ற நிலை. மாதம் 699 ரூபாய்க்கு 2023இல் இந்தியாவுக்கு வந்த ‘மெட்டா வெரிஃபைட்’ சேவையின் கவர்ச்சிகளில் ஒன்று, வாடிக்கையாளர் சேவையில் ஒரு மனிதர் கிடைப்பது. கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று பணம் பிடுங்கும் தரகர்கள் தனி.

அகமதாபாதில் ஒரு பொறியாளர், குழந்தையாக இருந்தபோது பாட்டி தன்னைக் குளிப்பாட்டும் பழைய படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றினார். சிறுவர் ஆபாசம் என்று இயந்திரம் முடிவு செய்தது. மின்னஞ்சல் உட்பட அவருடைய முழுக் கணக்கும் பூட்டப்பட்டது. 2024 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் வரை போனார். நம் வீடுகளில் முற்றத்தில் வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டிப் படமெடுப்பது சாதாரணம். அந்தச் சாதாரணம் விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; மேல்முறையீட்டைப் பார்ப்பவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் தெரிந்த கண்கள்

மொழி இங்கே பாதி வழக்கு. வாஷிங்டனில் இயங்கும் ஜனநாயகத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான மையம், தமிழ்ப் பதிவுகள் எப்படிக் கண்காணிக்கப்படுகின்றன என்று 2025இல் தனி ஆய்வே வெளியிட்டது. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பதும், இரண்டையும் கலப்பதும், சொல்லைச் சிதைத்து எழுதுவதும் நம்மிடம் சகஜம். நல்ல தமிழ்த் தரவில் பழகாத இயந்திரம் இதில் தடுமாறும். ராமநாதபுரத்து நண்பர்கள் பாசமாகத் திட்டிக்கொள்வதை அது வெறுப்புப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். சாதியைக் குறிக்கும் சங்கேதச் சொல்லோ ஸ்மைலியோ அதன் கண்ணில் படாமலே போகலாம். ஃபேஸ்புக்கில் பஞ்சாபி மொழியில் ஆர்.எஸ்.எஸ். பற்றிய ஒரு பதிவு நீக்கப்பட்ட வழக்கில், மூன்று கோடி பேர் பேசும் மொழியில் விதிகளே கிடைக்கவில்லை என்று மேற்பார்வை வாரியம் 2021 ஏப்ரலில் சுட்டிக்காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் ஆள் குறைவு என்று சொல்லி அந்தப் பயனாளரின் மேல்முறையீட்டை யாரும் பார்க்கவே இல்லை. வாரியம் தேர்ந்தெடுத்த பிறகுதான் அந்த நீக்கம் தவறு என்று தெரிந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் எழுத்தளவில் பாதுகாப்பு உண்டு. 2021 விதிகளின்படி குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். புகாரை முடிக்க முதலில் 15 நாள் இருந்தது, 2026 பிப்ரவரியில் அது 7 நாளானது. 50 லட்சத்துக்குமேல் பயனாளர் உள்ள தளம் தானாக ஒன்றை நீக்கும் முன், காரணத்தைச் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 4(8) விதி. அது பேசுவது தகவலை நீக்குவது பற்றி. கணக்கையே மூடுவது அதில் அடங்குமா என்று வாதாட இடமிருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த திருத்தம், குடிமக்களின் அரசமைப்பு உரிமைகளைத் தளங்கள் மதிக்க வேண்டும் என்றது. குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களையும் உருவாக்கியது. மூன்று குழுக்கள் 2023 மார்ச் 1 முதல் இணையவழியில் இயங்குகின்றன. அலுவலரின் முடிவு வந்த 30 நாளுக்குள் முறையிடலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. குழு 30 நாளில் முடிக்க முயல வேண்டும். கணக்கு இழந்த சாமானியருக்கு இன்றிருக்கும் மிகப் பக்கத்து வழி இதுதான். குழுவை நியமிப்பது அரசு என்பதால், அரசை விமர்சித்துக் கணக்கு இழந்தவர் அங்கே எவ்வளவு நம்பிக்கையோடு போவார் என்பது வேறு.

நீதிமன்ற வழி கரடுமுரடானது. மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு 2019இல் நிரந்தரமாக மூடப்பட்டது. ஹிட்லருக்கு வணக்கம் செலுத்தாமல் கூட்டத்தில் கைகட்டி நிற்கும் ஒரு மனிதரின் புகழ்பெற்ற படத்தை வைத்திருந்ததில் தொடங்கிய தகராறு அது. அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். ‘தனியார் நிறுவனத்தின் மீது ரிட் மனு போட முடியுமா?’ என்ற கேள்வி வாசலிலேயே மறித்தது. இத்தகைய வழக்குகளில் 2022 மார்ச்சில் ஒன்றிய அரசு தாக்கல் செய்த பதில், முன்னறிவிப்பின்றிக் கணக்கை முழுதாக மூடுவது கூடாது என்ற நிலையை எடுத்தது. தான் முடக்கச் சொல்லும்போது அறிவிப்பு தராத அரசு, நிறுவனங்கள் தர வேண்டும் என்றது.

2025 அக்டோபர் 10 அன்று இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. பல்லாண்டுகளாக நோயாளிகளோடு தொடர்பில் இருந்த வாட்ஸ்அப் கணக்கு மூடப்பட்டதாக கிளினிக் நடத்துபவர்கள் முறையிட்டார்கள். வாட்ஸ்அப் வைத்திருப்பது எந்த அடிப்படை உரிமையில் வருகிறது என்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு கேட்டது. வேறு செயலிகள் இருக்கின்றனவே, உள்நாட்டில் செய்த ‘அரட்டை’யைப் பயன்படுத்தலாமே என்றும் சொன்னது. ஜோஹோவின் அந்தச் செயலி தமிழ்ப் பெயரோடு உச்ச நீதிமன்றத்தில் ஒலித்ததைத் தமிழ்நாட்டில் பலர் ரசித்தார்கள். ஆனால் செயலியை மாற்றிவிடலாம், ஆயிரம் வாடிக்கையாளரை ஒரே நாளில் மாற்ற முடியாது. மனு திரும்பப் பெறப்பட்டது. வேறு சட்ட வழிகளை நாடலாம் என்ற அளவில் முடிந்தது.

ஐரோப்பா வேறு வழியில் போயிருக்கிறது. 2024 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், கணக்கை முடக்கினால் எந்த விதி, என்ன உண்மை, இயந்திரம் முடிவெடுத்ததா என்பதை எழுத்தில் சொல்லச் சொல்கிறது. மேல்முறையீட்டை இயந்திரம் மட்டும் முடிவு செய்யக் கூடாது. அதுவும் போதாதென்றால், நிறுவனத்துக்கு வெளியே சான்று பெற்ற தீர்வு அமைப்புகள் உண்டு. அவற்றின் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்ற குறை இருந்தாலும், விஷயம் ஒரு மூன்றாம் நபரின் மேசைக்குப் போகிறது. யூடியூபும் 2025 அக்டோபரில் சற்று இறங்கி வந்தது. மூடப்பட்டு ஓராண்டு கழிந்தவர்களில் சிலர் புதிய சேனலுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. பதிப்புரிமைக் காரணத்தால் இழந்தவர்களுக்கு அதிலும் இடமில்லை.

கணக்கைத் திருப்பித் தராவிட்டாலும் அதற்குள் இருந்ததையாவது தரலாம் அல்லவா? வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர் விவரம், பத்தாண்டு வீடியோக்கள் எல்லாம் பயனாளர் உழைப்பில் சேர்ந்தவை. 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், தன் தரவை எடுத்துக்கொண்டு வேறு தளத்துக்குப் போகும் உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. தரவின் சுருக்கத்தைக் கேட்கவும் குறை சொல்லவும் உரிமை தரும் அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அப்போதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. கருவாட்டுக்காரர் இப்போதைக்குச் செய்யக்கூடியது, வாடிக்கையாளர் எண்களை வாரம் ஒருமுறை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வதும், தடை விழுந்தால் முதலில் குறைதீர் அலுவலருக்கு எழுதி, பதில் வந்த தேதியைக் குறித்துக்கொள்வதும்தான். மேல்முறையீட்டுக் குழுவின் முப்பது நாள் கணக்கு அந்த அலுவலரின் பதிலிலிருந்தே தொடங்குகிறது.